இழந்த ரொட்டியும் பழைய சோறும்

பிரெஞ்சு மொழியில் ஓர் எளிய உணவுக்குப் ‘பேன் பெர்த்யூ’ என்று பெயர். ‘இழந்த ரொட்டி’ என்பது அதன் பொருள். சுட்ட நாளில் உண்ணப்படாமல் இரண்டு மூன்று நாள்கள் கிடந்து, கடிக்க முடியாதபடி இறுகிப்போன ரொட்டியைப் பாலிலும் முட்டையிலும் தோய்த்து, வாணலியில் பொன்னிறமாக வாட்டி எடுத்தால் அது மறுபடியும் உண்ணத் தக்கதாகிறது. வீணாயிற்று என்று கைவிடப்பட்டதை மீட்டெடுத்த உணவு ஆதலால் அப்பெயர் அமைந்தது. ஆங்கிலம் பேசுவோர் இதனைப் ‘பிரெஞ்சு டோஸ்ட்’ என்பர். நம் நாட்டிலும் இலங்கையிலும் ‘பம்பாய் டோஸ்ட்’ என்ற பெயரும் வழங்குகிறது. இன்றைய பெருநகர உணவகங்களிலோ ரொட்டியின் நடுவில் பள்ளம் செய்து, பாலாடைக்கட்டியும் பழப்பாகும் இறைச்சியும் திணித்து, இனிப்பும் உவர்ப்பும் ஒருசேரக் கலந்த ஆடம்பரப் பண்டமாக ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பரிமாறுகின்றனர்.

சிக்கனத்தால் பெயர் பெற்ற உணவு செல்வத்தின் அடையாளமாக மாறிய கதை சுவையானது. அதனினும் சிந்தனைக்குரியது, நெல் விளையும் நம் மண்ணுக்கு ரொட்டி வந்து சேர்ந்த கதை. இவ்விரண்டையும் இணைத்து நோக்கினால், நாம் உண்பதைப் பற்றியும் உண்ணாமல் விடுவதைப் பற்றியும் சில உண்மைகள் புலப்படும்.

ஐரோப்பிய அடுக்களையில்

உரோமைப் பேரரசின் பிற்காலத்தில், ஏறத்தாழ கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளில் தொகுக்கப்பட்ட ‘அப்பீசியுஸ்’ என்னும் சமையல் நூலில் இதன் மூதாதையைக் காண்கிறோம். வெள்ளை ரொட்டியின் மேலோட்டை நீக்கி, பெரிய துண்டுகளாகப் பிட்டு, பாலில் ஊறவைத்துப் பொரித்து, மேலே தேன் ஊற்றிப் பரிமாற வேண்டும் என்பது அந்நூல் கூறும் முறை. வெள்ளை ரொட்டி அந்நாளில் வசதி படைத்தோர் உணவு. எனவே தொடக்கத்தில் இது செல்வர் வீட்டு இனிப்பாகவே இருந்தது எனலாம்.

இடைக்காலத்தில் இதன் முகம் மாறியது. செருமானியர் 14ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு ‘ஏழைப் போர்வீரர்’ என்று பெயரிட்டனர். இறைச்சி வாங்க வழியற்ற வீரனும் பழைய ரொட்டியைக் கொண்டு மானத்தோடு ஒரு வேளை உண்ணலாம் என்ற நகைச்சுவை அப்பெயரில் இழையோடுகிறது. 15ஆம் நூற்றாண்டின் ஆங்கிலச் சமையல் ஏடுகளில் பிரெஞ்சுப் பெயரே சற்றுத் திரிந்து இடம்பெற்றது.

ஸ்பெயினிலும் போர்த்துக்கல்லிலும் இவ்வுணவு மகப்பேற்றோடு தொடர்புற்றது. 1496இல் வெளிவந்த ஹுவான் தெல் என்சீனாவின் தொகுப்பில் உள்ள பாடல் ஒன்று, பிள்ளை பெற்ற தாய்க்குத் தரும் பொருள்களோடு இதனையும் சேர்த்துச் சொல்கிறது. போர்த்துக்கீசியர் இதனைப் ‘பிள்ளை பெற்றவளின் துண்டுகள்’ என்றே அழைத்தனர். பாலும் முட்டையும் தேனும் சேர்ந்த மென்மையான உணவு, உடல் தளர்ந்த தாய்க்கு ஏற்றது என்று கண்ட அனுபவ அறிவு அது. நம் பாட்டிமார் பிள்ளைப்பேற்றுக்குப் பின் காயமருந்து கிளறிக் கொடுத்ததை இங்கு நினைவுகூரலாம்.

திருச்சபையின் ஆண்டு வட்டமும் இவ்வுணவைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. இடைக்காலத்தில் தவக்காலம் முழுவதும் இறைச்சியோடு முட்டையும் பாற்பொருள்களும் விலக்கப்பட்டிருந்தன. ஆனால் கோழிகள் நோன்பு அறியா. அவை வழக்கம்போல் முட்டையிட்டன. அவ்வாறு சேர்ந்த முட்டைகள் உயிர்ப்புப் பெருவிழாவின் மகிழ்ச்சிக்கு உரியவையாயின. ஸ்பெயின் மக்களுக்கு முட்டையையும் பாலையும் பொறுத்துத் தனிச் சலுகை இருந்தமையால், அங்கு இந்த ரொட்டி புனித வாரத்திலேயே உண்ணப்படும் உணவாயிற்று. போர்த்துக்கல்லில் அது கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் பலகாரமாக நிலைத்தது.

முற்பகல் விருந்து என்னும் வழக்கத்துக்கும் திருப்பலிக்கும் உறவு உண்டு. நற்கருணை வாங்குவோர் நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தலாகாது என்ற ஒழுங்கு பல நூற்றாண்டுகள் நிலவியது. 1953இல் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீர் அருந்த அனுமதித்தார். 1957இல் உபவாசத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். 1964இல் ஆறாம் சின்னப்பர் ஒரு மணி நேரமாக்கினார். அதற்கு முந்தைய தலைமுறைகளில் ஞாயிறு என்றால் வெறும் வயிற்றோடு கோயிலுக்குச் சென்று, பூசை கண்டு, வீடு திரும்பிய பின்னரே அடுப்பு மூட்டுவர். காலை உணவையும் மதிய உணவையும் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்து ‘பிரஞ்ச்’ என்ற சொல்லை 1895இல் கை பெரிங்கர் என்னும் ஆங்கில எழுத்தாளர் பரப்பினார். சொல் புதிது, பூசைக்குப் பின் பசியோடு அமரும் பந்தியோ மிகப் பழையது.

நெல் நாட்டில் கோதுமை

இனி நம் மண்ணுக்கு வருவோம். காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் உணவு என்றால் சோறு. முதற் பராந்தக சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வெட்டப்பட்ட வீரநாராயணன் ஏரி, வீராணம் என்ற பெயரோடு இன்றும் 16 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டு கிடக்கிறது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியே வரும் நீர் அதில் தேங்கி வயல்களுக்குப் பாய்கிறது. 2004 முதல் சென்னைக்கும் அந்நீர் செல்கிறது. ஆயிரம் ஆண்டுகளாக நெல்லையே நம்பிய இம்மக்களின் நாவில் ரொட்டிக்கு இடம் ஏது?

கிறிஸ்தவ மறை இத்தகைய ஊர்களுக்கு வந்தபோது கோதுமையின் தேவையும் உடன் வந்தது. திருப்பலிக்குரிய அப்பம் கோதுமை மாவால் மட்டுமே ஆனதாக இருத்தல் வேண்டும் என்பது திருச்சபையின் மாறாத ஒழுங்கு. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு தன் 924ஆம் விதியில் இதனை வலியுறுத்துவதோடு, அவ்வப்பம் கெட்டுப்போகும் ஆபத்து இல்லாதவாறு அண்மையில் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பீடத்துக்குரியது புதிய ரொட்டி. பழைய ரொட்டி அடுக்களைக்குரியது. நெல் மட்டுமே விளையும் ஊரிலும் ஒரு கைப்பிடிக் கோதுமை மாவு பீடத்தின் பொருட்டு வந்து சேர வேண்டியிருந்தது.

அப்பத்தைக் கொணர்ந்த குருக்களிற் சிலர் தம் தட்டிலிருந்த ரொட்டியைத் துறந்தனர் என்பது வரலாற்றின் அழகிய முரண். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி, புலாலை விடுத்து, சோறும் காய்கறியும் பாலும் நாளுக்கு ஒரு வேளை மட்டும் உண்டு வாழ்ந்தார். மக்களின் உணவை உண்ணாதவன் அவர்கள் காதில் நற்செய்தி சொல்ல இயலாது என்பது அவரது வாழ்க்கை சொன்ன பாடம். மொழியிலும் இதே பணிவைக் காண்கிறோம். ஆண்டவர் கற்பித்த செபத்தில் மூலமொழி ‘ரொட்டி’ என்று குறிப்பதைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘உணவு’ என்றே சொல்லிச் செபிக்கிறோம். வீராணத்து உழவன் அச்சொல்லைச் சொல்லும்போது அவன் மனக்கண்ணில் தோன்றுவது சோறுதான். அவன் வேண்டுதல் அதனால் குறைவுபடுவதில்லை.

கடற்கரைக் கோட்டைகள்

ரொட்டி நம் பகுதிக்கு மற்றொரு வழியாகவும் வந்தது. காட்டுமன்னார்கோயிலுக்குக் கிழக்கே கடலோரம் பரங்கிப்பேட்டை இருக்கிறது. அந்நியரைக் குறிக்கும் ‘பரங்கி’ என்ற சொல் அவ்வூரின் பெயரிலேயே உறைந்துவிட்டது. தெற்கே தரங்கம்பாடியில் 1620இல் டேனியர் கால்பதித்தனர். வடக்கே 1674இல் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியிருப்பை நிறுவினார். 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினக் கோட்டையைப் பெற்றனர். ஒருவரையொருவர் பகைத்த இவ்வணிகர் எல்லார்க்கும் பொதுவாக இருந்தது ரொட்டி ஒன்றே.

அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள் நம் வீட்டில் குடியிருக்கின்றன. மேசை, சாவி, அலமாரி, சன்னல் ஆகியன போர்த்துக்கீசியம் தந்தவை. சமையலறையைக் குறிக்கும் ‘குசினி’யும் அவ்வாறே. இலங்கைத் தமிழர் இன்றும் ரொட்டியைப் ‘பாண்’ என்றும் அதைச் சுடும் அடுப்பைப் ‘போறணை’ என்றும் வழங்குகின்றனர். கோவாவில் ஈஸ்ட் கிடைக்காத காலத்தில் தென்னங்கள்ளை ஊற்றி ரொட்டி மாவைப் புளிக்கவைத்தனர். நம் ஆப்ப மாவைக் கள் விட்டுப் புளிக்கவைத்த வழக்கமும் அதுவே. வந்த உணவு, இருந்த மண்ணின் கைப்பக்குவத்தைக் கற்றுக்கொண்டது.

இக்கோட்டைகளின் வரலாற்றில் மனம் கலங்கும் பக்கம் ஒன்று உண்டு. 1760இல் அயர் கூட் தலைமையில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது நகருக்குள் தானியம் அருகியது. போரிடும் வீரர்க்கு உணவு மிஞ்ச வேண்டும் என்று கருதிய பிரெஞ்சுத் தளபதி லாலி, அவ்வாண்டு நவம்பர் இறுதியில் ஏறத்தாழ 1,400 தமிழ்க் குடிமக்களை நகரிலிருந்து வெளியேற்றினார். ஆங்கிலேயரும் தம் எல்லையைக் கடக்க அவர்களை விடவில்லை. பெண்டிரும் பிள்ளைகளும் இரு படைகளுக்கும் நடுவே, இரு பக்கத்துத் துப்பாக்கிகளுக்கும் அஞ்சி, கிடைத்த வேர்களைத் தின்று எட்டு நாள்கள் கிடந்தனர். பின்னரே அவர்களுக்கு வழி திறந்தது. 1761 சனவரியில் நகர் வீழ்ந்தது. இரு தரப்பினரும் கிறிஸ்தவர். இரு தரப்பினரின் முகாமிலும் செபம் நடந்தது. அவ்வெட்டு நாள்களில் அம்மக்கள் இழந்த ரொட்டிக்கு எந்தச் சமையல் நூலிலும் பெயரில்லை.

நோயாளியின் தட்டும் நிவாரணப் பொட்டலமும்

கோட்டைக்கு வெளியே, சாதாரணத் தமிழர் ரொட்டியைக் கண்டது பெரும்பாலும் நோயின்போதுதான். காய்ச்சல் கண்டவருக்குச் சோறு ஆகாது, ரொட்டியும் பாலும் கொடுங்கள் என்று மருத்துவர் சொல்வார். அரசு மருத்துவமனைகளிலும் நோயாளிக்குப் பாலும் ரொட்டியுமே தரப்பட்டன. அதனால் நலமுள்ள ஒருவர் ரொட்டி வாங்கினால், “வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?” என்று கேட்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது.

அடுத்த வருகை பஞ்சத்தின் வாயிலாக நேர்ந்தது. 1954இல் அமெரிக்கா இயற்றிய பொதுச் சட்டம் 480இன் கீழ், 1956 முதல் இந்தியாவுக்குக் கோதுமை வந்தது. மழை பொய்த்த 1965, 1966ஆம் ஆண்டுகளில் நெருக்கடி முற்றியது; 1966இல் மட்டும் நாட்டின் உணவுத் தானிய இறக்குமதி ஒரு கோடி டன்னைத் தாண்டிற்று. 1965இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு நாட்டு மக்களை வேண்டினார். ஒருசந்தியும் சுத்தபோசனமும் அறிந்த நமக்கு அவ்வேண்டுகோள் புதிதாகத் தோன்றவில்லை. தமிழகத்தில் அரிசித் தட்டுப்பாடு 1967ஆம் ஆண்டுத் தேர்தலின் பெரும் பொருளாயிற்று. அக்காலத்தில் கத்தோலிக்க நிவாரணப் பணி அமைப்பின் வழியாகவும் கோதுமை, பால்பவுடர், எண்ணெய் ஆகியன பங்குகளை வந்தடைந்தன. சாதி, சமயம் பாராது பசித்தோர் வந்து வரிசையில் நின்றனர். சோற்றுக்காக மறை மாறினார் என்ற ஏச்சும் அவ்வரிசையைத் தொடர்ந்தது. பசித்தவன் கையில் விழும் உணவுக்கு விலை வைக்கலாகாது என்பதை, கொடுத்தவரும் ஏசியவரும் ஒருசேரக் கற்க வேண்டியிருந்தது.

நடுவண் அரசு 1965இல் நிறுவிய மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தின் ரொட்டி நகரங்களில் பரவியது. 2000இல் அந்நிறுவனம் தனியார் கைக்கு மாறியது. இன்று ரொட்டி கிடைக்காத சிற்றூர் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர்க் கரையைத் தாக்கியபோதும், 2011 இறுதியில் தானே புயல் வீசியபோதும், 2015இல் வெள்ளம் சூழ்ந்தபோதும், அடுப்பு மூட்ட இயலாத மக்களுக்கு ரொட்டிப் பொட்டலங்கள் கைகொடுத்தன.

நம்முடைய ‘இழந்த ரொட்டி’

இதுகாறும் ரொட்டியையே பேசினோம். பிரெஞ்சுக்காரர் பழைய ரொட்டியை மீட்டது போல நம் மக்கள் எதனை மீட்டனர் என்று கேட்டால், விடை ஒவ்வொரு வீட்டுப் பானையிலும் இருக்கிறது. இரவில் மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி வைத்து, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கூட்டி உண்ணும் பழைய சோறே அது. ஓர் இரவில் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து, சோற்றுக்குப் புதுச்சுவையும் குளிர்ச்சியும் ஏற்றுகின்றன. இன்னும் மிஞ்சிய சோறு வெயிலில் வடகமாகிறது. மிஞ்சிய இட்லி உதிர்க்கப்பட்டு உப்புமாவாகிறது. இழந்ததை மீட்கும் கலையை நமக்கு எவரும் கப்பலில் கொண்டுவர வேண்டியிருந்ததில்லை.

ஆயினும் பழைய சோற்றைப் புகழ்ந்து மட்டும் பேசுதல் நேர்மையாகாது. தன் வீட்டில் மிஞ்சியதைத் தானே உண்பது சிக்கனம். தான் உண்டு மிஞ்சியதை, தன் வயலில் உழைத்தவன் கையில் ஊற்றுவது வேறு. காவிரிப் படுகை முழுவதும் பண்ணையாள்கள் கொல்லைப்புறத்தில் நின்று பழையதை வாங்கிக் குடித்த காலம் நெடியது. நெல்லை விளைத்தவனுக்குப் புதுச்சோறு கிட்டவில்லை. கொள்ளிடத்துக்குத் தெற்கே கீழவெண்மணியில், கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக, தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து மடிந்தனர். அது 1968 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் இரவு.

இந்த இடத்தில் யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை நாம் ஊன்றி வாசிக்க வேண்டும். சிறுவன் கொணர்ந்த ஐந்தும் வாற்கோதுமை அப்பங்கள்; அது ஏழைகளின் தானியம். இயேசு பெருமான் மக்களைப் புல்தரையில் அமரச் செய்கிறார். அனைவரும் வயிறார உண்கின்றனர். அதன் பின்னரே எதுவும் வீணாகாதபடி மிஞ்சிய துண்டுகளைச் சேர்க்கப் பணிக்கிறார். பன்னிரண்டு கூடைகள் நிறைகின்றன. வரிசையை நோக்குங்கள்: முதலில் எல்லார்க்கும் நிறைவு, பிறகு மிச்சம். லூக்கா 16ஆம் அதிகாரத்துச் செல்வன் வீட்டிலோ வரிசை தலைகீழாக இருந்தது. மேசையிலிருந்து விழுந்ததைக்கொண்டு பசியாற விரும்பிய இலாசர் வாயிலிலேயே கிடந்தான். இரண்டு இடங்களிலும் மிச்சம் உண்டு. மிச்சத்தின் பொருள்தான் வேறு.

செய்யும் முறை

இவ்வளவும் அறிந்த பின் இவ்வுணவை நாமும் செய்து உண்ணலாம். உயிர்ப்புப் பெருவிழாக் காலையில் தவம் முடித்த வீட்டுக்கு இது பொருந்தும். துண்டு போடாத முழு ரொட்டியை வாங்கி, ஒரு நாளோ இரு நாளோ கழித்து, இரண்டு விரற்கடைக் கனத்தில் அரிய வேண்டும். பழைய ரொட்டியே வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. நாள் செல்லச் செல்ல ரொட்டியின் மாவுப்பொருள் மீண்டும் கெட்டிப்பட்டு இறுகுகிறது. அவ்வாறு இறுகியது பாலை உறிஞ்சிக்கொண்டும் உடையாமல் நிற்கும். அன்று சுட்டதோ கூழாகிவிடும்.

ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் கத்தியால் கீறிப் பைபோல் திறந்துகொள்க. கொழுக்கட்டைக்கு இனிப்புப் பூரணமும் உப்புப் பூரணமும் செய்யும் நம் பெண்களுக்கு இங்கே புதிதாகக் கற்பிக்க ஒன்றுமில்லை. தேங்காய்த் துருவலை வெல்லப்பாகில் கிளறி ஏலம் சேர்த்தது ஒரு பூரணம். வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லியைச் சிறிது எண்ணெயில் வதக்கி, பாலாடைக்கட்டித் துருவலோடு பிசைந்தது மற்றொன்று. சிலவற்றில் அதையும் சிலவற்றில் இதையும் அடக்குக. துணிந்தோர் ஒரே துண்டில் இரண்டையும் அடுக்கலாம். இனிப்பின் மீது காரம் ஏறும்போது சுவை கூடும்.

நான்கு துண்டுகளுக்கு மூன்று முட்டை, முக்கால் குவளைப் பால், சிட்டிகை உப்பு போதும். நன்றாக அடித்து, ரொட்டியை ஒவ்வொரு பக்கமும் ஒரு நிமிடம் ஊறவிட்டு, நெய் தடவிய தோசைக்கல்லில் இளந்தீயில் வேகவிடுக. தீ மிகுந்தால் மேற்புறம் கருகி, உள்ளே முட்டை பச்சையாக நிற்கும். மூடியிட்டுப் பொறுமையாக வேகவைத்தால் முட்டை உள்வரை இறுகி, பூரணத்தைப் பிடித்துக்கொள்ளும். சூடு ஆறுமுன் பரிமாறுக.

ஒரு முழு ரொட்டியில் பத்துத் துண்டுகளுக்குக் குறையாமல் தேறும். ஒரு சிறு குடும்பத்துக்கு அது மிகுதி. கூடுதலானதை மாலை வரை வைத்திருந்து, ஆறியதை வாயிலில் வருவோருக்குத் தருவது நம் பழைய பழக்கம். அதைவிட, சுடும்போதே அண்டை வீட்டாரையும், வீட்டு வேலைக்கு வருபவரையும், கோயில் முற்றத்தைக் கூட்டுபவரையும் அழைத்து ஒரே பாயில் அமர்த்தி, முதல் துண்டுகளை அவர்கள் இலையில் வைப்போம். அனைவரும் உண்ட பின் ஏதேனும் எஞ்சினால், அதைச் சேர்த்துவைக்க நமக்கு உரிமை உண்டு.